பொதுப் பட்டியல்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் இஸ்திரியக்கா. வலது முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால். அதை ஊன்றி நின்றே நாளுக்கு முந்நூறு போர்வை தேய்த்துவிடுவாள்.

ஊரில் வருடாவருடம் ஐந்து கிலோமீட்டர் ஓட்டம் நடக்கும். அவளைப் போன்றவர்களுக்கென்று கடைசியில் ஓர் இருநூறு மீட்டர் ஒதுக்குவார்கள். கைதட்டி, பை ஒன்று கொடுத்து, 'சிறப்புப் பங்கேற்பு' என்று தனித்தாளில் எழுதி அனுப்பிவைப்பார்கள். மூன்று வருடம் வாங்கிய அந்தப் பை அவளுக்குத் தொண்டையில் சிக்கிய முள். இந்த வருடம்தான் வழி திறந்தது. ஊன்றுகோலோ சக்கர நாற்காலியோ, எல்லோரும் ஒரே கோட்டிலிருந்து புறப்படலாம். ஒன்றரை மணி நேரத்துக்குள் முடித்தால் பெயர் பொதுப் பட்டியலில் ஏறும். கடவுளிடம் அவள் கேட்டதும் அந்த ஒரு வரியைத்தான்.

மூன்றாவது கிலோமீட்டரில், செயற்கைக் காலில் முட்டியைச் செருகும் கிண்ணத்துக்குள் வியர்வை தேங்கி, கால் ஒரு பக்கமாகச் சுழல ஆரம்பித்தது. நடைபாதை ஓரம் உட்கார்ந்து கழற்றினாள். தோல் உரிந்திருந்தது. ஊன்றுகோல்களுடன் சைக்கிளில் பின்னாலேயே வந்த கணவர் இறங்கினார். பஸ் ஓட்டுபவர்.

"போதும்மா. ஏறு, வீட்டுக்குப் போலாம்."

"உங்க பஸ்ஸு பாதியில நின்னா, ஏறினவங்கள அவங்கவங்க வீட்டுக்கே திருப்பி அனுப்பிடுவீங்களா? கோலைக் குடுங்க."

"வாய் மட்டும் உனக்குப் பஞ்சரே ஆகாது" என்றபடி ஊன்றுகோல்களை நீட்டினார். கழற்றிய காலைக் கேரியரில் கட்டிக்கொண்டு, பின்தெரு வழியாக முடிவுக் கோட்டுக்குப் போனார்.

மிச்ச தூரத்தை அவள் தாவித் தாவியே கடந்தாள். அக்குள் எரிந்தது. விளக்குக் கம்பத்துக்கு ஒரு பிரார்த்தனை என்று எண்ணிக்கொண்டு வந்தாள். கோட்டைத் தாண்டும்போது கடிகாரம் எண்பத்தைந்து நிமிடம் காட்டியது. ஆனால் மற்றவர்கள் மிதிக்கும்போதெல்லாம் 'பீப்' என்று கூவி நேரத்தைப் பதிந்த தரைப்பாய், அவளுக்குக் கூவவில்லை.

நேரம் பார்ப்பவர் எழுந்து வந்தார். "அக்கா, நேரம் பதியற சிப் எங்க? கணுக்கால்ல கட்டச் சொன்னோமே."

"கட்டினேனே தம்பி" என்று குனிந்தவளுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. நல்ல காலில் வார் உறுத்துமென்று, செயற்கைக் காலில்தான் கட்டியிருந்தாள். அதுவோ தடுப்புக்கு அப்பால், சைக்கிள் கேரியரில் படுத்திருந்தது.

"கையால எழுதிக்க முடியாதா?"

"எழுதலாம். ஆனா அது தனித்தாளுக்குத்தான் போகும். இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு அக்கா. கட்டின சிப்பை நடுவுல அவுத்து மாத்தக் கூடாது, ஆனா அந்தக் காலோடயே உங்ககூடச் சேர்ந்து இந்தப் பாயைத் தாண்டினாப் போதும்."

சொல்லிவிட்டு நாற்காலிக்குத் திரும்பியிருக்கலாம். அவர் ஓடினார். காலை வாங்கி, ஒட்டியிருந்த தூசியைத் தன் சட்டையில் துடைத்து, கைக்குழந்தையை ஏந்துவதுபோல இரு கைகளிலும் ஏந்தி வந்தார். அதை விரல் நுனியால் தூக்கித் தருபவர்களையே பார்த்துப் பழகியவள் அவள். கடவுள் தம் வேலையை இப்படிப்பட்ட கைகளில்தான் ஒப்படைக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

இரண்டு கையிலும் ஊன்றுகோல். உரிந்த தோலில் மாட்டவும் முடியாத காலை எப்படிப் பிடிப்பது? பின்னாலேயே வந்த கணவர் யோசிக்காமல் இடுப்பு பெல்ட்டை உருவி, காலைக் கோத்து அவள் கழுத்தில் மாட்டினார்.

"பேண்ட்டை ஒத்தைக் கையால பிடிச்சிட்டு நிக்கிறேன். சீக்கிரம் வந்து சேரு, மானம் போகுது."

அவள் கோட்டுக்குப் பின்னால் பத்தடி போய்த் திரும்பினாள். மாலை போட்டவள்போல நெஞ்சில் கால் ஆட, தலையை நிமிர்த்திக்கொண்டு வந்தாள். பாய் கூவியது. எண்பத்தெட்டு நிமிடம், பத்து விநாடி.

பட்டியலை ஒட்டியதும் முதலில் ஓடியது கணவர்தான். அறுநூற்றுப் பதினான்காவது வரி. எண், பெயர், நேரம். பக்கத்தில் வேறு எந்தக் குறிப்பும் இல்லை.

"உனக்குக் கீழயும் ரெண்டு பேர் இருக்காங்க. அவங்களுக்கு ரெண்டு காலும் நல்லாத்தானே இருக்கு?"

"சும்மா இருங்க. அவங்களும் மூச்சு வாங்க ஓடித்தான் வந்திருக்காங்க."

அதற்குள் வியர்வையில் நனைந்த ஒருவர் கூட்டத்தை விலக்கி வந்து, தன் வரியைத் தேடி, அதற்கு மேல் வரியையும் படித்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"எனக்கு முன்னாடி போனது நீங்கதானா? கடைசி வளைவுல தூரத்துல பார்த்தேன், பிடிச்சிடலாம்னு உயிரக் குடுத்து ஓடினேன். விடவே மாட்டேன்னுட்டீங்களே."

"அடுத்த வருஷமும் விடமாட்டேன்" என்றாள் இஸ்திரியக்கா.