ஆற்றங்கரைக்காரிக்கு முடி வெட்டியவள்

பெண்களுக்கான அந்த அழகு நிலையத்தில் இரண்டு நாற்காலி. ஜன்னலோரத்தது முதலாளியம்மாவுடையது. உள்ளே தள்ளிக் கிடந்தது, புருஷனோடு கடல் கடந்து பிழைக்க வந்த இவளுக்கு. முதலாளியம்மாவிடம் வெட்டிக்கொள்ளக் கூட்டம் காத்துக் கிடக்கும். இவள் பக்கம் ஈ காக்கை அண்டாது.

தலை அலசும் வேலை மட்டும் தவறாமல் இவள் தலையில் விழும். ஒருநாள் பள்ளிக்கூடத் தலைமையாசிரியை தொட்டியில் தலை சாய்த்துக் கண்ணை மூடினாள். "என்ன சுகமான கை!" என்று சொக்கிப்போனாள். கண்ணைத் திறந்து இவள் முகத்தைப் பார்த்ததும் சொக்கல் போன இடம் தெரியவில்லை.

"கை கழுவிட்டுத்தானே தொட்ட?"

'இவ்வளவு நேரம் உங்க தலையிலதானே கழுவினேன்' என்று நாக்கு நுனிவரை வந்தது. துண்டை எடுத்துத் தலையைத் துவட்டிவிட்டாள்.

இவளைத் தேடி வந்தவள் ஒருத்திதான். ஆற்றங்கரைக் குடியிருப்புக்காரி. ஊர் முளைக்கும் முன்பே அந்த மண்ணில் இருந்த சனம்; ஊருக்குள் வந்தால் வேண்டாத விருந்தாளி.

தலைமையாசிரியை மகளுக்குக் கல்யாணம். கடை நிறைய உறவுக்காரப் பெண்கள். அந்த நேரம் பார்த்து ஆற்றங்கரைக்காரி வாசலில் நின்றாள். முதலாளியம்மா இவள் காதைக் கடித்தாள்.

"இடமில்லன்னு சொல்லி அனுப்பு."

"என் நாற்காலி சும்மாதானே இருக்கு?"

"உன்னை உள்ள விட்டதே பெரிசு. சிபாரிசு வேறயா?"

அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது. நேரே போய்க் கதவைத் திறந்தாள். "உள்ள வாங்க அக்கா."

வெட்டி முடிப்பதற்குள் கல்யாணக் கூட்டம் கைப்பையைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டியது. முதலாளியம்மா இவள் கையிலிருந்த கத்தரியைப் பிடுங்கினாள். "நாளையிலேர்ந்து வராத."

தெருவில் ஆற்றங்கரைக்காரி நின்றிருந்தாள். ஒரு நல்ல வார்த்தை சொல்வாள் என்று இவள் நெருங்கினாள்.

"யாரு உன்னை இப்படிப் பண்ணச் சொன்னது?" சீறினாள் அவள். "இடமில்லன்னிருந்தா அடுத்த வாரம் வந்திருப்பேன். இனிமே அந்தக் கதவு எனக்குத் திறக்குமா?"

"எனக்கு வேலையே போச்சு அக்கா."

"நீ மூட்டையைக் கட்டிக்கிட்டு வேற ஊருக்குப் போயிடுவ. நான் எங்க போறது? எங்க ஊரே இதுதானே."

அவள் வாய்முகூர்த்தம் பலித்தது. அந்த மாதமே இவளும் புருஷனும் ஊரைக் காலி செய்தார்கள். பேருந்து பாலத்தில் ஏறி ஆற்றங்கரை வீடுகள் தெரிந்தபோது, இவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பவே இல்லை.