திரையில் என்ன எழுதியிருக்கு?

“சுவிட்சை விட்டுடாதீங்கப்பா, அழுத்திக்கிட்டே இருங்க! பெட்டி மொத்தமா அணையணும்!”

அலுவலக மாடிப்படி மூலையில் ஒண்டிக்கொண்டு, கைபேசியைப் பொத்திக் கத்தினாள் மகள். கதவுக்கு அந்தப் பக்கம் வாடிக்கையாளர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாகிவிட்டது. அவள் வரைந்த மருத்துவமனைக் கட்டடமோ வீட்டுக் கம்ப்யூட்டரில் கிடந்தது. இங்கிருந்தபடியே இணைத்துத் திறந்து காட்டுவதாக ஏற்பாடு. பாழாய்ப்போன மின்சாரம் போய்த் திரும்பியதில் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது.

இன்று ஒப்பந்தம் கையெழுத்தானால் அப்பா ஸ்கூல் வேன் ஓட்டுவதை விட்டுவிடலாம். அதற்குத்தான் இத்தனை பாடு.

“அணைச்சுப் போட்டுட்டேன் பாப்பா.”

“திரையில என்ன எழுதியிருக்கு?”

“கறுப்பா இருக்கு. மேல வெள்ளையா என்னமோ.”

“அந்த என்னமோவைத்தான் படிங்க!”

“இங்கிலீஷ்ல திட்டுறான்மா. உன் கம்ப்யூட்டருக்கு என்மேல என்ன கோபமோ!”

ரோட்டோரப் பலகை ஒன்றையும் விடாமல் எழுத்துக்கூட்டிப் படிக்கிற மனிதர். இன்றைக்குப் பார்த்தா விளையாட்டு?

“ஒவ்வொரு எழுத்தா சொல்லுங்கப்பா.”

“கண்ணாடியை வேன்ல வச்சிட்டேன்மா.”

படம் பிடித்து அனுப்பச் சொல்லலாமென்றால், அவருடையது பட்டன் போன். விண்டோஸ் வரவே இல்லை. அப்படியானால் அது குடியிருக்கிற டிரைவ் கம்ப்யூட்டர் கண்ணில் படவில்லை.

“முன்பக்கம் பென்டிரைவ் ஏதாவது சொருகியிருக்கா?”

“ஒண்ணுமில்ல. சுத்தமா இருக்கு.”

பக்கத்துத் தகட்டைக் கழற்றச் சொன்னாள். “உள்ள சிவப்பா ஒரு ஒயர் இருக்கும், நல்லா அமுக்குங்க.”

“எல்லாம் ஒரே நிறமா இருக்கேம்மா.”

கதவு திறந்தது. மேனேஜர் தலையை நீட்டி, “ஆரம்பிக்கலாமா?” என்றார். “இதோ சார்” என்று பல்லைக் காட்டினாள்.

“வேனுக்கு நேரமாச்சு பாப்பா. பிள்ளைங்க கேட்டுல காத்துக்கிட்டு நிக்கும். உன் அத்தை மாடியிலேருந்து வந்துட்டா, அவகிட்ட பேசு.”

“அப்பா, ஒரு நிமிஷம்...”

“என்னடி மருமகளே, என் அண்ணனை இப்படி வேர்க்க வச்சிருக்கே?” அத்தையின் குரல்.

“திட்டு அப்புறம் அத்தை. திரையைப் படிங்க!”

“வேற டிஸ்க் ஏதாவது இருந்தா எடுத்துட்டு ஒரு கீயைத் தட்டணுமாம். கொட்டை எழுத்துல போட்டிருக்கே!”

“முன்னாடி பாருங்க, ஏதாவது...”

“பென்டிரைவ் நாக்கை நீட்டிக்கிட்டு நிக்குது. பச்சை லைட்டு வேற மினுக்குது.”

அப்பாவின் வேனுக்குப் பாட்டு ஏற்ற அவளே சொருகியது! கம்ப்யூட்டர் முதலில் அதற்குள் போய்த் துழாவிவிட்டு, விண்டோஸைக் காணாமல் விழித்துக்கொண்டு நின்றிருக்கிறது.

“பிடுங்குங்க! ஏதாவது கீயைத் தட்டுங்க!”

“தட்டிட்டேன்... வருதுடி! திரையில நீ வச்ச மலைப்படம் வந்துடுச்சு!”

துள்ளிக் குதித்திருக்க வேண்டும். ‘ஒண்ணுமில்ல, சுத்தமா இருக்கு’ என்று அப்பா சொன்னது உறுத்தியது.

“அத்தை, இவ்வளவு பெரிசா இருக்கறது அப்பாவுக்கு ஏன் தெரியல? கண்ணாடி வேன்ல இருக்கறதாலயா?”

மறுமுனையில் அத்தை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம்.

“அத்தை!”

“கண்ணாடி இங்க மேசை மேலதான்டி கிடக்கு. போட்டாலும் ஒண்ணுதான். வண்டியைத் தொடாதீங்கன்னு டாக்டர் போன மாசமே சொல்லியாச்சு. நீ கையெழுத்துப் போடுற வரைக்கும் மூச்சு விடக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டார்.”

அத்தையின் குரலுக்குப் பின்னால் வேன் உறுமி, தெருவில் இறங்கித் தேய்ந்தது.

“கூப்பிடுங்க அத்தை! அப்பாவுக்குப் போன் போடுங்க!”

“எப்படிடி போடுறது? அவர் போன்லதானே உன்கூடப் பேசிக்கிட்டிருக்கேன்.”