நாற்பத்தொன்பது என்றால் அறுபத்தொன்று

1

இந்தக் கதை ஒரே ஒரு தாளிலிருந்து பிறந்தது. எனக்கு வந்திருக்கவே கூடாத தாள். உச்சியில் ‘ரகசியம்’ என்று சிவப்பில் அச்சிட்டிருந்தது. அதைப் பார்த்த பிறகும் படித்தேன். அது என் கைக்கு எப்படி வந்தது என்று பிறகு சொல்கிறேன். சொல்லாமல் நழுவவும் பார்ப்பேன், விடாதீர்கள்.

தாளில் இருந்தவை: பெயர், லூர்துராணி. வேலை, பள்ளி வேன் ஓட்டுநர். வயது, 50. கவனத்தையும் அவசரத்தையும் கம்ப்யூட்டரில் அளக்கும் ஒரு சோதனையின் முடிவு. நான்கு பட்டைகள் போட்ட ஒரு படம், நான்கும் பச்சை. அடியில் ‘சராசரி வரம்புக்குள்’ என்று ஒரு வரியும் பெலிண்டா என்ற உளவியலாளரின் கையெழுத்தும். இதெல்லாம் அச்சு. ஆனால் ஓரத்தில், நீல மையில், கையால் எழுதியிருந்தது: ‘பிறந்த தேதி 11.2.76? 49 என்றால் 61.’

அந்தக் கேள்விக்குறிதான் என்னை ஒரு வாரமாக உட்காரவிடவில்லை.

(லூர்துராணி நிஜப் பெயர் அல்ல. நிஜப் பெயரிலும் ஒரு மாதா திருநாள் இருந்தது. நான் வேறு மாதாவைப் போட்டேன். திருநாள் மாறினால் பிறந்த தேதி மாறும், தேதி மாறினால் வயது மாறும். ஆக, இந்தக் கதையில் தேதியைத் திருத்தியவர்கள் பட்டியலில் நானும் உண்டு.)

2

முதல் தொடக்கம்: ‘தில்லைநகரில் அன்று வெயில்’ — வேண்டாம். திருச்சியில் வெயில் என்று எழுத ஒரு எழுத்தாளன் தேவையில்லை.

இரண்டாவது: ‘ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன அந்தக் கைகள் முதன்முறையாக ஒரு கீபோர்டை’ — போட்டிக்கு அனுப்பும் கதை மாதிரி இருக்கிறது. அடித்துவிட்டேன்.

மூன்றாவது தொடக்கத்தைப் பெலிண்டாவிடமிருந்து ஆரம்பிக்கிறேன். அந்த அறையில் இருந்த இருவரில் சம்பளத்துக்காகச் சந்தேகப்படுகிறவர் அவர்தான்.

பெலிண்டாவுக்கு முப்பத்து நாலு வயது. மெடிக்கல் ஷாப்புக்கு மேல் மாடியில் இரண்டு அறை கிளினிக். எதிரே லூர்துராணி காக்கிச் சட்டையைப் புடவைக்கு மேலேயே போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறார். வேலையில்லாமல் ஐந்து வாரம் ஆகிறது, ஆனாலும் சட்டையைக் கழற்ற மனம் வரவில்லை. ஸ்ரீரங்கத்தில் ஒரு ஸ்டாப்பில் அவர் வேனை எடுத்தபோது கதவு சாத்தியிருக்கவில்லை. ஒரு குழந்தை கீழே விழுந்து முழங்காலில் மூன்று தையல். உடன் வர வேண்டிய ஆயா அன்று லீவு. பள்ளிக்கூடத்தில் சாவியை வாங்கிவைத்துக்கொண்டு, “டெஸ்ட் எடுத்து ரிப்போர்ட் கொண்டாங்க, பாக்கலாம்” என்றுவிட்டார்கள்.

“எழுத்து ஒண்ணொண்ணா வரும்க்கா. எது வந்தாலும் இந்த நீளக் கட்டையத் தட்டுங்க. எக்ஸ் வந்தா மட்டும் தட்டக்கூடாது. மொத்தம் பதினாலு நிமிஷம்.”

“நடுவுல போன் வந்தா எடுக்கலாமா மேடம்?”

“வண்டி ஓட்டறப்ப எடுப்பீங்களா?”

“சத்தியமா மாட்டேன்.”

“அப்ப இப்பவும் எடுக்காதீங்க.”

பதினாலு நிமிஷம் என்பது சொல்லக் கேட்க ஒன்றுமில்லை. எழுத்து, எழுத்து, எழுத்து என்று வந்துகொண்டே இருக்கும்போதுதான் தெரியும். தட்ட வேண்டியதற்குத் தட்டாமல் விட்டால் கவனம் போய்விட்டது என்று கணக்கு. எக்ஸுக்குத் தட்டிவிட்டால் கை முந்திவிட்டது என்று கணக்கு. லூர்துராணிக்கு இரண்டாவது தப்பு சொற்பம். முதல் தப்புதான், அதுவும் கடைசி நான்கு நிமிஷத்தில், கொஞ்சம் சேர்ந்துவிட்டது.

கொஞ்சம் என்றால் எவ்வளவு? அதை மெஷின் தானாகச் சொல்லாது. அதே வயதுக்காரர்கள் எவ்வளவு விடுவார்கள் என்று பார்த்துத்தான் சொல்லும். அது கொடுக்கும் எண் ஐம்பது என்றால் சராசரி. அறுபதைத் தாண்டினால் பட்டை ஆரஞ்சு நிறமாகும். பெலிண்டா ஆதார் அட்டையைப் பார்த்துத் தேதியை அடித்தார்: 5.6.1975. வயது ஐம்பது, ஒரு மாதம். ஐம்பதிலிருந்து ஐம்பத்தொன்பது வரை உள்ளவர்களோடு ஒப்பிட்டு மெஷின் கொடுத்த எண் 57. பச்சை.

பெலிண்டாவுக்கு ஒரு பெருமூச்சு வந்தது. (அவருக்கு லூர்துராணியைப் பிடித்துவிட்டது என்று வைத்துக்கொள்கிறேன். எனக்கு அது தெரியாது.)

3

இங்கேயே முடித்திருக்கலாம். பிரின்ட் எடுக்கும் நேரத்தில் சும்மா இருக்க முடியாமல் பெலிண்டா கேட்டதுதான் வினை.

“லூர்துராணின்னு யாருக்கா பேர் வச்சது?”

“பொறந்த நாள் அப்படி மேடம். பிப்ரவரி பதினொண்ணு, லூர்து மாதா திருநாளு. பூசை முடிச்சிட்டு வந்து சாமியாரே வச்ச பேரு.”*

பெலிண்டாவும் மாதா கோயிலுக்குப் போகிறவர்தான். இத்தனை நேரம் தோன்றவில்லையே என்று இருந்தது. “ஆதார்ல ஜூன் அஞ்சுன்னு இருக்கு?”

“அது ஸ்கூல்ல போட்டது மேடம்.” லூர்துராணி சிரித்தார். “தலைக்கு மேல கைய வளைச்சுக் காதத் தொடச் சொன்னாங்க. தொட்டுட்டேன். அஞ்சு வயசு ஆகல, ஆனா காது எட்டிருச்சு. சரின்னு எட்டு மாசத்தக் கூட்டி எழுதிட்டாரு ஹெட்மாஸ்டரு. எங்க தெருவுல முக்காவாசிப் பேரு ஜூன் அஞ்சுலதான் பொறந்தோம்.”

“அப்ப இப்ப உங்களுக்கு நாப்பத்தொம்பதா?”

“எனக்கு நாப்பத்தொம்பது. கவர்மென்ட்டுக்கு அம்பது.”

பெலிண்டா தேதியை மாற்றி அடித்துப் பார்த்தார். இப்போது நாற்பதிலிருந்து நாற்பத்தொன்பது வரை உள்ளவர்களோடு ஒப்பீடு. 61. பட்டை ஆரஞ்சு.

அதே கை, அதே பதினாலு நிமிஷம், அதே தப்புகள். லூர்துராணி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார், திரையைப் பார்க்கவில்லை.

* திருநாள் தேதி எனக்குத் தெரியாது. ஸ்ரீரங்கத்துக்காரனுக்கு வைகுண்ட ஏகாதசி தெரியும். ஆபீஸில் பெனடிக்ட்தான் சொன்னார். “ஏன் தேசிக் சார், பொண்ணு பாக்கறீங்களா?” என்று கிண்டலும் செய்தார். அவருடைய சர்டிபிகேட் பிறந்தநாளும் ஜூனில்தான்.

4

நான் நினைத்தால் லூர்துராணியை 1972-இல் பிறக்கவைத்துவிடலாம். எந்தத் தேதியைப் போட்டாலும் பச்சைதான், யாருக்கும் கஷ்டமில்லை. எழுதுகிறவனுக்கு அந்த அதிகாரம் உண்டு. அந்த ஹெட்மாஸ்டருக்கும் இருந்தது.

ஆனால் பெலிண்டாவுக்கு இல்லை. அவர் யோசிக்கிறார். 57-க்கும் 61-க்கும் நடுவில் இருப்பது ஒரு இழை. அதே பெண் நன்றாகத் தூங்கிவிட்டு வேறொரு நாள் வந்து தட்டினால் இரண்டு எண்ணுமே இறங்கிவிடலாம். விடிகாலை நாலு மணிக்கு எழுந்து பழகியவர், கீபோர்டைத் தொட்டே அறியாதவர், வேலை போய்விடுமோ என்ற பயத்தில் உட்கார்ந்தவர். கடைசி நாலு நிமிஷத்தில் அவர் எழுத்தைப் பார்த்தாரா, வீட்டு வாடகையைப் பார்த்தாரா? இந்தச் சோதனையை மட்டும் வைத்து ஒருவரைப் பற்றி எதுவும் சொல்லக்கூடாது என்று அதன் புத்தகத்திலேயே போட்டிருக்கிறது. இதெல்லாம் பெலிண்டாவுக்கு மனப்பாடம். ஆனாலும் வேன் நிறைய பிள்ளைகள். விட்டுப்போன ஒரு எழுத்து ஒரு பிள்ளையாக இருந்தால்?

பள்ளிக்கூடத்துக் கரஸ்பாண்டன்ட் போனில் வந்தார்.

“மேடம், கதையெல்லாம் வேணாம். ஓட்டலாமா, வேணாமா? ஒரு வரி போதும்.”

“சார், ஒரு வரியில சொல்ற விஷயம் இல்ல இது.”

“பேரன்ட்ஸ் கேக்கறாங்க மேடம். ஒருத்தர் பேப்பருக்குப் போவேங்கறாரு.”

பெலிண்டா அரசாங்கத் தேதியையே அச்சிட்டார். மனசு கேட்கவில்லை. பேனாவை எடுத்து ஓரத்தில் மற்றதையும் எழுதினார். கேள்விக்குறி போட்டார். பேனாவை மூடப் போனவர்

(இந்த வாக்கியம் எங்கே போகிறது என்று தெரியவில்லை. விட்டுவிடுகிறேன்.)

5

அடுத்து லூர்துராணியை அழவைத்திருந்தேன். மட்டமாக இருந்தது. கிழித்துவிட்டு இப்படி எழுதினேன்:

“மேடம், ஒண்ணு சொல்லட்டா? அன்னிக்கு எனக்குக் கவனமெல்லாம் இருந்துச்சு. கதவு சாத்தலைன்னு தெரியும். எட்டு இருபதுக்கு ஸ்கூல் கேட்ட மூடிருவாங்க. லேட்டானா பிள்ளைங்கள வெளிய வெயில்ல நிக்கவைப்பாங்க. பாலத்துல வண்டி நகரலைன்னு மத்த டிரைவருங்க போன் மேல போன். அடுத்த ஸ்டாப்புல சாத்திக்கலாம்னு எடுத்துட்டேன்.”

எழுதி முடித்ததும் எழுந்து இரண்டு நடை நடந்தேன். அபாரம் என்று பட்டது. மெஷின் அளந்தது ஒன்று, நடந்தது வேறு. கதைக்கு ஒரு திருப்பம், பாத்திரத்துக்கு ஒரு நேர்மை. அப்புறம் திரும்பப் படித்தேன். இந்த அம்மாள் இப்படிச் சொன்னால் யாருக்கு லாபம்?

எனக்குத்தான்.

சரி, நழுவ முடியாது. விழுந்த குழந்தை என் பெண். ஜாஹ்னவி, மூன்றாம் வகுப்பு. பேப்பருக்குப் போவேன் என்றவன் நான். தெரிந்தேதான் எடுத்தேன் என்று அவரே சொல்லிவிட்டால் என் புகார் நியாயமாகிவிடும்.

அன்று தையல் போட்டுக் கூட்டிவந்த இருபது நிமிஷத்தில் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கடிதம் எழுதினேன். ‘பிஞ்சு உயிர்களோடு விளையாடும் கவனக்குறைவு’ என்று அதில் ஒரு வரி. நாற்பத்திரண்டு பேர் கட்டைவிரல் காட்டினார்கள். இருபது வருஷமாகக் கதை எழுதுகிறேன், மொத்தமாக நாற்பத்திரண்டு பேர் படித்ததில்லை. உண்மையைச் சொல்கிறேன், அந்த வேதனையிலும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பள்ளிக்கூடம் ‘கவனக்குறைவு’ என்ற என்னுடைய அந்த ஒரு சொல்லைத் தூக்கிக்கொண்டு போய், அளந்து வா என்று லூர்துராணியை அனுப்பிவிட்டது.

முடிவு வந்ததும் புகார் கொடுத்தவன் என்ற முறையில் எனக்கு ஒரு பிரதி. கூடவே ஒரு சீட்டு, இரண்டு கட்டங்கள்: ‘மீண்டும் பணியில் அமர்த்த ஆட்சேபணை இல்லை’, ‘ஆட்சேபணை உண்டு’. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குள் கொடுக்க வேண்டும். அந்த அம்மாளின் வேலை ஒரு டிக்கில் இருக்கிறது. பெலிண்டாவின் அறையில் என்ன பேசினார்கள் என்பதில் ஒரு வார்த்தைகூட எனக்குத் தெரியாது. மேலே நீங்கள் படித்தது அத்தனையும் அந்த நீல மையிலிருந்து நான் ஊதிப் பெருக்கியது.

6

முடிவு அ: ஓரத்தில் இருந்ததை எடுத்துக்கொள்கிறேன். ஆரஞ்சு. ஆட்சேபணை உண்டு. எடமலைப்பட்டி புதூரில் லூர்துராணி காக்கிச் சட்டையைத் துவைத்து மடித்து — எனக்கு அவர் வீடு தெரியாது.

முடிவு ஆ: பச்சையை எடுத்துக்கொள்கிறேன். ஆட்சேபணை இல்லை. மறுநாள் ஸ்டாப்பில் லூர்துராணி என்னைப் பார்த்துக் கைகூப்புகிறார். இந்த முடிவில் நான் ரொம்ப நல்லவனாக இருக்கிறேன், அதனாலேயே இதன் மேல் நம்பிக்கை வரவில்லை.

முடிவு இ: பெலிண்டா எனக்குப் போன் செய்து, “சார், அந்தத் தாளுக்கு அர்த்தம் என்னன்னா” —

பெலிண்டா போன் செய்யமாட்டார். என் நம்பர் அவரிடம் இல்லை.

7

கதவுக்குப் பக்கத்தில் இருந்த ஒரே ஆளிடம் இதுவரை நான் ஒன்றுமே கேட்கவில்லை. இதை எழுதும்போதுதான் உறைக்கிறது. “வலிக்கறதா?” என்று கேட்டேன். “பயந்துட்டியாடா?” என்று கேட்டேன். எப்படி விழுந்தாய் என்று கேட்கவில்லை. கடிதம் எழுத இருபது நிமிஷம் இருந்தது, கேட்க ஒரு நிமிஷம் இல்லாமல் போயிற்று. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இன்று ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சாப்பாடு ஆகி, அடுக்களையில் அவள் அம்மா பாத்திரம் ஒழித்துத் தேய்க்கப் போட்டுக்கொண்டிருந்தாள். ஜாஹ்னவி தரையில் குப்புறப் படுத்து ஒரு மீனுக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தாள். நான் எழுதுவதை நிறுத்திவிட்டுப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“ஜானு, அன்னிக்கு வேன் கதவு எப்படித் திறந்துண்டிருந்துது?”

அவள் நிமிரவில்லை. பச்சைக் கிரயானைப் பெட்டியில் வைத்தாள். நீலத்தை எடுத்தாள். அதையும் வைத்தாள். அடுக்களைப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்:

“சொன்னா திட்டமாட்டியே?”

அவள் அதற்கடுத்துச் சொன்னதை நான் எழுதப் போவதில்லை. என்ன சொல்லியிருப்பாள் என்று உங்களுக்கு இந்நேரம் தெரிந்துவிட்டது, இல்லையா? சந்தேகமே இல்லாமல் தெரிந்துவிட்டது. அன்று தையல் போட்ட முழங்காலைப் பார்த்ததும் எனக்கும் இப்படித்தான் எல்லாம் தெரிந்துவிட்டது.

சீட்டு மேஜைமேல் இருக்கிறது. பேனாவைப் பிடியுங்கள். நாளைக் காலை எட்டு மணிவரை நேரமிருக்கிறது.