கண்ணாடியில் ஒரு கட்டைவிரல்

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான் சிதாபிலே டீச்சர் வீட்டுக்குள் நுழைந்தது உப்பு வாங்க. என் வீட்டில் உப்பு இருந்தது. அது வேறு விஷயம். லுவேவே குடியிருப்பில் எங்கள் வரிசையில் யார் வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்பது எனக்குத் தெரியாமல் போனதில்லை. இந்த ஒரு வீடுதான் நான்கு மாதமாக என்னை ஏய்த்துக்கொண்டிருந்தது. ஏப்ரலில் அங்கிருந்து தார்போன்ற கீல் உருகும் வாடை வந்தபோது, டீச்சர் திருட்டுச் சாராயம் காய்ச்சுகிறாள் என்று முதலில் சொன்னது நான்தான். எட்டிப் பார்த்தால், மூடிப்போன கடையின் தடித்த மேஜைக் கண்ணாடியிலிருந்து சாப்பாட்டுத் தட்டளவு வட்டம் ஒன்றை வெட்டியெடுத்து, ஒரு பீப்பாய்மேல் வைத்து, சுற்றிச் சுற்றி நடந்து தேய்த்துக்கொண்டிருக்கிறாள்; தொலைநோக்கி செய்கிறாளாம். முப்பத்தெட்டு வயது, கல்யாணம் இல்லை, கண்ணாடியோடு குடித்தனம். தெருவுக்கு வேறென்ன வேண்டும்?

அன்றைக்கு அந்தக் கண்ணாடி இருட்டு நடையின் ஒரு கோடியில் நின்றது. மறுகோடியில், அதன் மேடு பள்ளம் பார்க்க, ஒரு குட்டி விளக்கும் சவரப் பிளேடும். அடுக்களையில் கஞ்சி பொங்கியது, டீச்சர் ஓடினாள். நான் தனியாக இருந்தேன். குழந்தையின் கன்னம்போல அப்படியொரு வழவழப்பு. கட்டைவிரலை வைத்து ஒரு அழுத்து அழுத்திப் பார்த்தேன். முந்தானையால் துடைத்துவிட்டு, உப்போடு நல்ல பிள்ளையாக வீடு திரும்பினேன்.

புதன் காலை குழாயடியில் டீச்சர் அழுதுகொண்டிருந்தாள்.

“எவன் செத்தான்?” என்றேன்.

“நேத்து கண்ணாடியில ஒரு மேடு தெரிஞ்சுது, நாகாபெகி. அரை மணி நேரம் தேய்ச்சு எறக்கினேன். இன்னிக்குப் பாத்தா அதே எடத்துல பள்ளம்.”

பெகியைப் பெற்றதால் தெருவுக்கு நான் நாகாபெகி.

“எவ்ளோ பெரிய பள்ளம்?”

“தலைமுடிய ஆயிரமாப் பொளந்தா அதுல ஒரு பங்கு.”

“அடிப்பாவி, இதுக்கா அழற?”

“அந்த ஒரு பங்கு போதும். ஒட்டி நிக்கிற ரெண்டு நட்சத்திரம் ஒரே கூழாயிடும். சனிக்கிழமை தோத்துடுவேன்.”

சனிக்கிழமை கதை எனக்குத் தெரியும். ஹில்சைட் பக்கம் நட்சத்திரம் பார்க்கிறவர்களின் கழகம் ஒன்று உண்டு. அவர்களுடைய குடிலில் ஒரே ஒரு தூண். அதன்மேல் தலைவர் ப்ரெஸ்காட் துரையின் தொலைநோக்கி. டீச்சருடையதைவிடப் பெரியது, கப்பலில் வந்தது. என் பள்ளிப் பிள்ளைகளும் வந்து பார்க்கட்டுமே என்று டீச்சர் கேட்டதற்கு, “ஜன்னல் கண்ணாடியில ஜன்னல்தாம்மா செய்யலாம்” என்று சிரித்தாராம் மனிதர். கடைசியில் பேச்சு இப்படி முடிந்தது: கேட்டை நட்சத்திரத்தின் பக்கத்தில் ஒளிந்திருக்கும் குட்டி நட்சத்திரத்தை யாருடைய கருவி பிரித்துக் காட்டுகிறதோ, தூணும் குடில் சாவியும் அவருக்கு. டீச்சர் தோற்றால் அவள் பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்தக் கதவு திறக்காது.

“மேடு எந்தப் பக்கம் இருந்துது?” என்று மெதுவாகக் கேட்டேன்.

“நடுவுக்குக் கொஞ்சம் எடப்பக்கம். கட்டைவிரல் அளவுக்கு.”

ஊரார் ரகசியத்தை மூச்சு விடாமல் சொல்லும் வாய் இது. சொந்த ரகசியத்தைச் சொல்ல இரண்டு குடம் நிறையும் நேரம் பிடித்தது. சொன்னேன். அறைவாள் என்று நினைத்தேன். என் கையைப் பிடித்து வீட்டுக்கு இழுத்துப்போய், “விரலத் திரும்ப வையுங்க, கொஞ்சம் தள்ளி” என்றாள். வைத்தேன். பிளேடு ஓரமாக என்னைப் பார்க்கச் சொன்னாள். சாம்பல் நிற நிலாவாக நின்ற கண்ணாடியில், பொன்னுக்குவீங்கி வந்த கன்னம்போல என் விரல் புடைத்திருந்தது. பார்க்கப் பார்க்க வடிந்து, ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் காணாமலே போயிற்று.

டீச்சர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “உங்க ஒடம்புச் சூட்டையா நான் தேய்ச்சேன்! ஆறவிடாம பாத்தது என் தப்பு.”

அதன்பின் மூன்று நாள் நான்தான் அந்த வீட்டு வாசல் காவல். அவள் தேய்ப்பாள், மூன்று மணி நேரம் மூடிவைத்து ஆறவிடுவாள், பிறகு பார்ப்பாள். ஜெபம் பண்ண வந்த பாஸ்டரையே, “உள்ள கண்ணாடி தூங்குது” என்று திருப்பி அனுப்பினேன். வெள்ளிக்கிழமை பள்ளி ஆய்வகத்து வெள்ளி உப்பையும் என் வீட்டுச் சர்க்கரையையும் கலந்து பூச்சுப் பூசினாள். உப்புக்குச் சர்க்கரையாகக் கடன் தீர்ந்தது.

சனிக்கிழமை இருட்டியதும், பல் கிட்டும் குளிரில், பதினாறு பிள்ளைகளோடு குடிலுக்குப் போனோம். துரையின் கருவியில் கேட்டை, குளித்துவிட்டுத் தலை துவட்டாமல் வந்த மாதிரி, சிவப்பாக மயிர் விரித்து நின்றது. “இன்னிக்குக் காத்து சரியில்ல” என்றார். டீச்சர் கண்ணாடியைப் பொருத்திய தன் மரப்பெட்டியை வெளியே புல்லில் நிறுத்தி, தான் பார்க்காமல் அவரையே கூப்பிட்டாள். குனிந்தவர் நிமிரவே இல்லை. பிறகு தொப்பியைக் கழற்றினார்.

“பச்சையா... பக்கத்துல ஒண்ணு இருக்கு.”

“உங்களுது பெரிசாச்சே துரை?” என்றேன். வாய் சும்மா இருக்குமா?

“பெரிசுதான்” என்றார், செருப்புக் கடிபட்டவர்போல.

டீச்சர் அட்டையில் ஒரு வளையம் வெட்டி அவருடைய கருவியின் வாயில் பொருத்தினாள். “கண்ணாடியோட ஓரம் சரிஞ்சிருக்கு, சார். ஓரத்த மறைச்சுப் பாருங்க.” வாய் சின்னதாயிற்று, சிவப்பின் மயிர் படிந்து, அங்கேயும் ஒரு பச்சைப் புள்ளி மங்கலாக எட்டிப் பார்த்தது. துரை தானே திருகுகளைக் கழற்றித் தன் கருவியை இறக்கினார். சாவியை டீச்சர் கையில் வைத்தார். பிள்ளைகள் போட்ட கூச்சலில் ஹில்சைட் நாய்களெல்லாம் எழுந்தன. டீச்சரின் பெட்டிமுன் நின்ற வரிசையின் கடைசியில், எனக்கும் பின்னால், இன்னொரு தடவை பார்க்கத் துரையும் வந்து நின்றார்.

என் முறை வந்தது.

“நாகாபெகி, கை!” என்று டீச்சர் கத்தினாள்.

இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு குனிந்தேன். ஊரெல்லாம் இத்தனை காலம் ஒண்டிக்கட்டை என்று நம்பியிருந்த அந்தச் சிவப்புப் பெரியவரின் தோளருகே, ஒட்டியும் ஒட்டாமலும், பச்சைச் சேலைக்காரி ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள்.