மூணு பேட்டன் புக்கு

சவப்பெட்டிக்குள் விரிக்கும் வெள்ளைத் துணியின் ஓரத்தைச் சத்தியபாய் மடித்துத் தைத்துக்கொண்டிருந்தபோது செசிலி டீச்சர் வந்தாள். மிஷன் தையல் அறையின் மேற்பார்வைக்காரி. கருங்கல் சந்தைக்கு வந்த வழியில் எட்டிப் பார்க்க வந்தவள், முற்றத்துக் கூட்டத்தையும் பெட்டியையும் பார்த்து விக்கித்து நின்றுவிட்டாள்.

"யாருக்கு, சத்தியபாய்?"

"மைனிக்கு. வெளுக்கதுக்கு முன்ன."

மைனி என்றால் கணவன் ஜெயசிங்கின் அக்கா ஞானப்பூ. கல்யாணமாகாமல் தம்பி வீட்டிலேயே ஐம்பதைத் தொட்டவள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுக்குவெள்ளம் கேட்டாள். வெள்ளம் கொதிப்பதற்குள் போய்விட்டாள். ஊரே அழுகிறது, சத்தியபாய்க்கு ஒரு சொட்டு வரவில்லை. உள்ளே மரத்துப்போய்க் கிடந்தது. வந்த பெண்கள் அதைக் கவனிக்காமலா இருப்பார்கள்? கவனிப்பதற்கென்றே துட்டி விசாரிக்க வருகிறவர்களும் உண்டே!

"அய்யோ, நான் பெறவு வாறேன்."

"புக்குக்குத்தானே வந்தீங்க? இரிங்க, எடுத்துட்டு வாறேன்."

டீச்சர் தயங்கினாள். "இன்னைக்கு விவரம் போவணும். இல்லேன்னா வேல வேற வீட்டுக்குப் போயிரும். ஆனாலும் இந்த நேரத்துல..."

பத்து நாள் முன்பு மிஷனில் மூன்று பேட்டன் புக்குகளை, தையல் மாதிரிப் படப் புத்தகங்களை, தந்து, ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பச் சொல்லியிருந்தார்கள். துண்டுத்துணிகளைக் கட்டம் கட்டமாக இணைத்துத் தைக்கும் போர்வை. வெள்ளைக்காரன் போய் ஐந்து வருஷமாகியும் அவன் கட்டிலுக்குப் போர்வை இங்கிருந்துதான் போனது. ஜெயசிங் பனையிலிருந்து விழுந்து இடுப்பொடிந்த பிறகு இந்த வீட்டில் அடுப்பு எரிவதும் அதனால்தான்.

சத்தியபாய் மூன்றையும் கொண்டுவந்து பாயில் பரப்பினாள்.

"சவம் கெடக்கு, இவ படம் பாக்கா!" என்றாள் ஒரு கிழவி, நன்றாகவே காதில் விழும்படி.

ஒன்றில் பூக்கள். அதை ஞானப்பூ முதல் நாளே தள்ளிவிட்டாள். இன்னொன்றில் பெரிய பெரிய சதுரங்கள். மூன்றாவது, எட்டு முனை நட்சத்திரம். ஞானப்பூவுக்கு அதில்தான் உயிர். நேற்று மத்தியானம்கூட மடியில் வைத்துக்கொண்டு, "ஏட்டி, இதத்தான் எடுக்கோம். நம்ம ரெண்டு பேரும் சேந்தா என்ன வராது?" என்றிருந்தாள்.

நட்சத்திரத்தில் ஒரு வினை உண்டு. படத்தில் காட்டுவது தைத்து முடிந்தபின் நிற்கும் அளவு. தையலுக்குள் மடங்கும் துணியை நாமாகக் கூட்டி வெட்ட வேண்டும். போன வருஷம் இதேபோலொரு நட்சத்திரம் தைக்கும்போது ஞானப்பூ காய்ச்சலில் கிடந்தாள், சத்தியபாய் கோட்டிலேயே கத்தரி வைத்தாள். பதினாறு கட்டமும் ஒரு விரல் குறைந்துபோயின. "சாரமில்ல மக்கா, பாத்துக்கிடலாம்," என்று ஞானப்பூ எழுந்து வந்து, இடையிடையே சிவப்புத் துணி கொடுத்துச் சரிக்கட்டினாள். வெட்டுவது எப்போதும் அவள்தான். அளவுகோலைத் தொடவே மாட்டாள், எல்லாம் கண்ணளவுதான். சதுரப் புக்கில் அந்தத் தொல்லை இல்லை, மடிப்பையும் சேர்த்தே கோடு போட்டிருந்தார்கள்.

"நட்சத்திரந்தானே?" டீச்சர் மெல்லக் கேட்டாள். "ஞானப்பூ கோயில்ல வச்சு சொன்னா."

சத்தியபாய் நட்சத்திரப் புத்தகத்தைக் கையில் எடுத்தாள். தூசியே இல்லாத அட்டையை முந்தானையால் துடைத்து, டீச்சரிடம் நீட்டினாள்.

"இதக் கொண்டு போங்க. சதுரம் மதி, அது போதும்."

"ஏன் மக்கா?"

"வெட்ட ஆளில்ல, டீச்சர்."

காலையிலிருந்து எத்தனையோ பேர் எத்தனையோ விதமாகச் சொல்லி அழுதாயிற்று. ஞானப்பூ இனி இல்லை என்று அவள் வாயால் சொன்னது அப்போதுதான். கிழவிகூட வெற்றிலை மெல்வதை நிறுத்திவிட்டாள்.

டீச்சர் இரண்டு புத்தகங்களைப் பையில் வைத்துக்கொண்டு, அவள் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். சத்தியபாய் மிச்சத் தையலையும் போட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். துணியை விரித்தார்கள். ஞானப்பூவைத் தூக்கி வைத்தார்கள். உபதேசியார் ஜெபத்தை முடித்துக்கொண்டு இவளைப் பார்த்தார்.

"மூடலாமாம்மா?"

"மூடுங்க," என்றாள் சத்தியபாய். பிறகு பெட்டியின் அந்தப் பக்கம் போய், மூடியின் ஒரு முனையைத் தானே பிடித்துக்கொண்டாள்.