போர்டின் வலது பக்கம்

வக்கீல் ரேவதிக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யாராவது எதையாவது படித்துக்கொண்டிருந்தால் எட்டிப் பார்க்காமல் இருக்க முடியாது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரின் செல்போன், பேக்கரியில் போண்டா மடித்துத் தந்த காகிதம், எதிர்த்தரப்பு வக்கீலின் கேஸ் கட்டு, எதுவாக இருந்தாலும் கழுத்து தானாக நீளும். அப்படிப்பட்டவள், தன் ஆபீஸ் வாசலில் ஒருவர் வியாழக்கிழமை தவறாமல் வந்து நின்று படித்துவிட்டுப் போவதைப் பதினைந்து மாதம் வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள் என்றால் நம்புவது கஷ்டம்தான். ஆனால் அப்படித்தான் நடந்தது.

அவர் படித்தது அவளுடைய போர்டைத்தான்.

ஓசூர் கோர்ட்டுக்குப் பக்கத்துத் தெருவில், ஜெராக்ஸ் கடைக்கு மேலே முதல் மாடியில் அவள் ஆபீஸ். 2024 ஜூலையில் புதிய குற்றவியல் சட்டங்கள் வந்தபோது ஊரே குழம்பிப் போயிற்று. ஏமாற்றுக்காரனை 'நானூற்று இருபது' என்று திட்டியே பழகியவர்களிடம் போய், இனிமேல் அது முந்நூற்றுப் பதினெட்டு என்றால் யாருக்கு வாயில் வரும்? ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து ஒவ்வொருவராக மாடியேறி வந்து இதையே கேட்டார்கள். பதில் சொல்லி அலுத்துப்போன ரேவதி, ஒரு கரும்பலகை வாங்கி மாடிப்படிக்குக் கீழே மாட்டிவிட்டாள். சட்டத்தில் புதிதாக எது வந்தாலும் அதில் நாலு வரி எழுதுவாள்.

இடது பக்கம் தமிழ், வலது பக்கம் கன்னடம். கர்நாடகம் கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஊரில் இரண்டும் வேண்டும். தேன்கனிக்கோட்டைப் பக்கம் தமிழை வெளுத்து வாங்குகிறவர்களில் பலருக்கு எழுத்து என்று வந்தால் கன்னடம்தான். ரேவதி கன்னடம் நன்றாகப் பேசுவாள், ஓர் எழுத்து படிக்கத் தெரியாது. அதனால் வலது பக்கம் குமாஸ்தா லால் பாஷாவின் பொறுப்பு. அவர் அத்திப்பள்ளியில் கன்னட மீடியம் படித்தவர், கையெழுத்து அச்சடித்தது போல இருக்கும். அவர் எழுதி முடித்ததும் ரேவதி எட்ட நின்று பார்த்து, "சூப்பர் பாய்" என்பாள். அத்தோடு சரி.

போர்டில் அவள் பெயர் கிடையாது, போன் நம்பர் கிடையாது. வக்கீல் விளம்பரம் செய்யக் கூடாது. கட்சிக்காரர்தான் தேடி வர வேண்டும், நாம் போய்க் கூப்பிடக் கூடாது. இது தொழிலின் விதி. பெயரில்லாத அந்தப் போர்டைப் பார்த்தே மூத்த வக்கீல் மாடசாமி, "என்னம்மா, கடை தொறந்துட்டியா?" என்று கிண்டல் அடித்தார். அந்த ரோஷத்தில்தான் ரேவதி வியாழக்கிழமைக்காரரை ஜன்னலிலிருந்து கூப்பிடாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அவருக்கு ஐம்பது வயது இருக்கும். உழவர் சந்தையில் சரக்கைப் போட்டுவிட்டு வருகிறார் என்பது கக்கத்தில் மடித்து வைத்த காலிச் சாக்கிலிருந்து தெரிந்தது. ஒரு நிமிடம் நிற்பார், படிப்பார், போய்விடுவார். ரேவதி மனசுக்குள் அவருக்காக எத்தனையோ வழக்குகளை ஜோடித்துப் பார்த்தாள். பாகப் பிரிவினையோ? யானை மிதித்த ராகிக்கு நஷ்டஈடோ? சம்பந்தியோடு தகராறோ? அவருடைய மகனின் விபத்து வழக்கு வழியில்லாமல் நின்றுபோனதே அந்தப் போர்டினால்தான் என்பது மட்டும் அவள் கற்பனைக்கு எட்டவில்லை.

இந்த நவம்பரில் ஒரு செய்தி வந்தது. விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் நஷ்டஈடு மனு போட்டாக வேண்டும் என்று 2022-இல் ஒரு விதி அமலுக்கு வந்திருந்தது. அதை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்தில் நடக்கின்றன. அவை முடியும் வரை, காலம் தாண்டியதைக் காரணம் காட்டி எந்த மனுவையும் தள்ளக் கூடாது என்று இடைக்கால உத்தரவு. ரேவதி அதைப் போனில் மூன்று முறை படித்தாள். ஆறு மாத விதியைச் சொல்லிச் சொல்லி எத்தனை பேரிடம் கையை விரித்திருப்பாள்! அன்றைக்கே தமிழ்ப் பக்கத்தை அழித்து எழுதிவிட்டாள். வலது பக்கம் அப்படியே கிடந்தது. லால் பாஷா மகள் ஜைபாவின் கல்யாணத்துக்காகக் கோலாருக்குப் போயிருந்தார். அந்தப் பக்கத்தில் செக் கேஸ் பற்றிய போன வாரச் செய்தியே இருந்தது.

வியாழக்கிழமை காலை அவர் வந்தார். ரேவதி ஜன்னலில் நின்றாள். அன்றைக்குத்தான் முதல் முறையாக ஒன்றைக் கவனித்தாள். அவர் தலை இடது பக்கம் திரும்பவே இல்லை. வலது ஓரத்தில் நின்றார், செக் கேஸ் செய்தியைப் படித்தார், சாக்கைச் சரிசெய்துகொண்டு நடந்தார்.

அட, இவர் கன்னடம் படிக்கிறவரா! அதற்கு மேல் அவளால் முடியவில்லை. விதியாவது மாடசாமியாவது! செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கி ஓடினாள். பஸ் ஸ்டாண்டில் தேன்கனிக்கோட்டை பஸ் நின்றிருந்தது. அவர் ஜன்னலோர சீட்டில் இருந்தார். ஏறி, பக்கத்தில் உட்கார்ந்து, மூச்சு வாங்கினாள்.

"ஐயா, நான் அந்த போர்டுக்காரி. வக்கீல் ரேவதி."

"தெரியுங்க மேடம். ஜன்னல்ல பாத்திருக்கன்."

"வாரா வாரம் அதுல என்ன பாக்கறீங்க?"

அவர் கொஞ்சம் தயங்கினார். "சட்டம் மாறிடுச்சான்னு பாக்கறனுங்க."

"எந்தச் சட்டம்?"

"ஆறு மாசச் சட்டம்."

பெயர் கங்கப்பன். மகன் ஹரீஷ்குமாருக்கு ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை. போன வருஷம் ஜனவரியில் ஷிப்ட் முடிந்து ஜூஜுவாடி தாண்டி பைக்கில் போகும்போது லாரி இடித்து, வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. ஆஸ்பத்திரி, வீடு, மறுபடி ஆஸ்பத்திரி என்று ஏழு மாதம் ஓடிற்று. ஆகஸ்டில் வக்கீலைத் தேடி வந்தவர், போர்டில் அப்போதிருந்த ஆறு மாத விதியைப் படித்துவிட்டு அப்படியே திரும்பிவிட்டார்.

"மேல வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?" என்றாள் ரேவதி.

"கேஸ் இல்லன்னு எழுதிப் போட்டிருக்கறப்ப மேல வந்து என்னத்தக் கேக்கறது?"

"அதுக்குக் கீழேயே எழுதியிருந்தனே! காலம் தாண்டியிருந்தாலும் மேலே வந்து கேளுங்கள், வழி இருக்கலாம்னு."

"அப்பிடி ஒண்ணும் இல்லிங்க."

"இருந்துச்சுங்க. நானே எழுதினேன்."

"இல்லிங்க மேடம்." அவர் கோபமில்லாமல், ஆனால் உறுதியாகச் சொன்னார். "பையன் நம்பமாட்டான்னு அன்னிக்கே போட்டோ புடிச்சன். அவன் போன்ல இருக்குது."

ரேவதி உத்தரவைப் பற்றிச் சொன்னாள். இப்போது மனு போடலாம், இங்கேயே போடலாம், ஆனால் இடைக்கால உத்தரவு என்பதால் எப்போது வேண்டுமானாலும் மாறும், தாமதிக்கக் கூடாது. கங்கப்பன் இரண்டு கையையும் தொடையில் தேய்த்துக்கொண்டே கேட்டார். முகம் மலர்ந்து, உடனே வாடிவிட்டது.

"அவன் கையெழுத்துப் போடணுமே. எங்கிட்ட பேசறதே இல்லிங்க. வக்கீல் வாசல் வரைக்கும் போயி, மேல ஏற பயந்துக்கினு திரும்பி வந்துட்டன்னு கோவம். எது வேணும்னாலும் அவங்கம்மாகிட்டதான் சொல்லுவான்."

கண்டக்டர் விசில் கொடுத்தார். "சனிக்கிழமை வீட்டுக்கு வரேன். அந்தப் போட்டோவை நான் பாக்கணும்" என்று சொல்லிவிட்டு ரேவதி இறங்கினாள். கட்சிக்காரர் வீட்டுக்கே போகப் போகிறோம் என்பது பஸ் போன பிறகுதான் உறைத்தது. மாடசாமிக்குத் தெரிந்தால் கோர்ட் வராண்டாவில் மானம் போகும். ஆனால் அந்தப் போட்டோவைப் பார்க்காமல் அவளுக்குத் தூக்கம் வராது.

சனிக்கிழமை ஸ்கூட்டரில் போனாள். பீன்ஸ் தோட்டத்தை ஒட்டிய ஷீட் போட்ட வீடு. கங்கப்பனின் மனைவி மாதம்மாள் காபி கொடுத்தாள். ஹரீஷ்குமார் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருந்தான். செயற்கைக் கால் சுவரில் சாய்ந்திருந்தது. அவன் ரேவதியைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் சொன்னான்.

"ஏம்மா, பஸ்ல ஏறிக் கேஸ் புடிக்கற வக்கீல எங்க தேடிப் புடிச்சாருன்னு கேளு."

மாதம்மாள் கணவரைப் பார்த்தாள். இரண்டடி தூரத்தில் நின்ற கங்கப்பனுக்கு அது கேட்காமல் இல்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

ரேவதிக்குச் சுருக்கென்றது. "நீ அப்படி நினைக்கறது நியாயம்தான்பா. எனக்குக் கேஸ் வேணாம். உங்கப்பா எடுத்த போட்டோவை மட்டும் காட்டு, போயிடறேன்."

அவன் போனைத் தேடி எடுத்து நீட்டினான். கங்கப்பன் தனக்குப் படிக்கத் தெரிந்த பக்கத்தை மட்டும்தான் பிடித்திருந்தார். கன்னடத்தில் மூன்று வரிகள். மூன்றாவது வரி பலகையின் மரச்சட்டத்தை இடித்துக்கொண்டு நின்றது. போட்டோவின் இடது ஓரத்தில் அவள் எழுதிய நாலாவது தமிழ் வரியின் கடைசி எழுத்துகள் கொஞ்சம் தெரிந்தன. இந்த வீட்டில் யாருக்கும் அது புரிந்திருக்க வழியில்லை.

"படிச்சுச் சொல்லு," என்றாள்.

"விபத்து கேஸ். ஆறு மாசத்துக்குள்ள மனு போடணும். தாண்டினா கேஸ் கிடையாது."

"அதுக்குக் கீழ?"

"கீழ ஒண்ணும் இல்ல. பலகை முடிஞ்சுபோச்சு."

ரேவதி கோலாருக்குப் போன் போட்டாள். பின்னால் பந்திச் சத்தம். லால் பாஷாவுக்கு ஞாபகம் வரக் கொஞ்ச நேரமாயிற்று. "ஆமாங்க மேடம், எடம் பத்தல. உங்க தமிழு பலகையில முக்கால்வாசி புடிச்சுக்கிச்சு. கடைசி வரி சும்மா மரியாதைக்கு எழுதினதுதானேன்னு விட்டுட்டன். நீங்களும் பாத்து சூப்பர்னு சொன்னீங்களே."

சொன்னாள்தான். படிக்கத் தெரியாத எழுத்தைப் பார்த்து, கையெழுத்து அழகாக இருக்கிறது என்பதற்காகச் சொன்னாள். ஊரில் இருக்கிற காகிதத்தையெல்லாம் எட்டி எட்டிப் பார்க்கிறவளுக்கு, தன் போர்டின் பாதியில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"தம்பி, உங்கப்பா பயந்துக்கிட்டுத் திரும்பி வரல," என்றாள். "எழுதியிருந்ததைச் சரியாப் படிச்சார். எழுதினதுதான் தப்பு. எழுதினது என் குமாஸ்தா, ஆனா அது என் போர்டு. தப்பு என்னுது."

ஹரீஷ்குமார் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வெகுநேரம் கழித்து, "அப்ப நீங்களே கேஸ் போடுங்க," என்றான். குரலில் முன்பிருந்த குத்தல் இல்லை.

"போட முடியாது. உத்தரவு நாளைக்கு மாறினா, இத்தனை நாள் ஏன் வரலன்னு கேப்பாங்க. அதுக்கு நம்ம பதில் இந்தப் போர்டு. இது நான் மாட்டின போர்டு, இவரை இது ஏமாத்திடுச்சுன்னு நான் கூண்டுல ஏறிச் சொல்லணும். சாட்சி சொல்றவங்க அதே கேஸ்ல வக்கீலா நிக்கக் கூடாது. மாடசாமின்னு மூத்த வக்கீல் இருக்கார், திங்கக்கிழமை அவர்கிட்டப் போங்க. என் பிரமாணப் பத்திரத்தை நானே கொண்டாந்து தரேன்."

முதல் தடவையாகக் கங்கப்பன் குறுக்கிட்டார். "உங்களுக்குக் கெட்ட பேரு வருமே மேடம்."

"வரும். பதினஞ்சு மாசம் உங்களுக்கு வந்துச்சே."

ஹரீஷ்குமார் நிமிர்ந்தான். "என்னாம்மா பதினஞ்சு மாசம்?" என்று வழக்கம்போல அம்மாவைத்தான் கேட்டான். மாதம்மாளுக்கும் தெரியவில்லை. ரேவதிதான் சொன்னாள். வியாழக்கிழமை தவறாமல், மழையிலும், காய்ச்சலில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டும், அவர் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனதைச் சொன்னாள். சந்தைக்குப் போகிறார் என்று மட்டும்தான் வீட்டில் நினைத்திருந்தார்கள்.

மாதம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "சொல்லியிருக்கக் கூடாதா?" என்றாள் கணவரிடம்.

"மாறலன்னு வந்து சொல்றதுக்கு என்னா இருக்குது?" என்றார் கங்கப்பன் தரையைப் பார்த்தபடி. "மாறின அன்னிக்குச் சொல்லலாம்னு இருந்தன்."

ரேவதிக்கு எழுந்து போய்விடலாம் போலவும் இருந்தது, இவன் என்ன சொல்லப் போகிறான் என்று கேட்காமல் போக முடியாது போலவும் இருந்தது. ஹரீஷ்குமார் சேரின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நகர்ந்தான். இந்தத் தடவை அம்மா பக்கம் திரும்பவில்லை.

"அப்பா," என்றான். "அந்தப் போலீஸ் பேப்பர், ஆஸ்பத்திரி பேப்பரெல்லாம் எங்க வெச்சிருக்க?"

கங்கப்பன் சட்டென்று நிமிர்ந்தார். "எல்லாம் இருக்குதுப்பா, ஒண்ணும் போகல," என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனவர், பீரோ சாவி கையிலேயே இருப்பது தெரியாமல் அதை அலமாரியெல்லாம் தேடிக்கொண்டிருந்தார்.