கீழ்க்குரல்

பாடகர் குழு அங்கியின் காலரை இஸ்திரிப் பெட்டியால் அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தாள் தையல்காரி. முன்னறைக் கட்டிலில் அவள் புருஷன் கிடந்தார். லிஃப்ட் மெக்கானிக். மதியம்தான் உயிர் போயிருந்தது. விடிந்தால் ஈஸ்டர், மாலையில் அடக்கம்.

"கொயர் மாஸ்டர் வந்திருக்காரும்மா," என்றாள் மகள்.

மாஸ்டர் கட்டிலருகே கண்மூடி ஜெபித்தார். பிறகு உள்ளே வந்து, மேசையில் விரிந்திருந்த வெள்ளை அங்கியைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார்.

"தப்பா நினைக்காதீங்கக்கா. காலை ஆராதனைக்கு அண்ணன் இடத்துல புதுசா ஒரு பல் டாக்டர் பாடுறார். ஒரு அங்கி குறையுது."

"அதுக்கு?"

"இது சபையோட அங்கிதானே..."

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"துணிதான் சபையோடது. வெட்டினது நான், தச்சது நான். அவருக்குத் தொண்டையில ஆபரேஷன் ஆனப்புறம் ஒரு நாள் இந்தப் படி ஏறினீங்களா? 'ரெஸ்ட் எடுங்கண்ணே'ன்னு கடைசி பெஞ்சுக்கு அனுப்பினீங்க. அந்த மனுஷன் அங்க உக்காந்து சத்தமே வராம வாயை மட்டும் அசைச்சிட்டு வந்தார். இன்னும் உடம்பு சூடு ஆறல, அங்கி கேக்குறீங்க!"

"சபை ஒழுங்குன்னு ஒண்ணு..."

"இப்பவே போட்டு விடப்போறேன். ஒழுங்கு வேணும்னா நீங்களே வந்து கழட்டிக்குங்க."

மாஸ்டர் கிளம்பிய வேகத்தில் செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு போனார்.

"பாவம்மா அவர்."

"யாரு, அவரா? உங்கப்பா கையைத் தூக்குடி. அங்கி மாட்டணும்."

விடியுமுன் கோவில் மணி அடித்தது. அவள் எழுந்திருக்கவில்லை. இருட்டில் ஒரே ஒரு மெழுகுவர்த்தி எரியும், அந்தச் சுடர் கை மாறிக் கை மாறிக் கோவில் முழுக்க வெளிச்சமாகும், பிறகு பாட்டு. கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பாட்டின் கீழ்க்குரலை, அடியில் ஓடும் 'பேஸ்' பகுதியை மட்டும் அவள் புருஷன் குளியலறையில் பாடிப் பழகுவார். தனியாகக் கேட்டால் அது பாட்டாகவே இருக்காது. பக்கத்து வீட்டுக்காரர் ஒருமுறை, "அண்ணனுக்கு வயித்து வலியா?" என்று விசாரித்ததுண்டு.

வெளுத்து வரும் நேரத்தில் வாசலில் காலடிகள். பாடகர் குழு முழுக்க வந்திருந்தது, கைகளில் எரியும் மெழுகுவர்த்தி, அங்கிகளில் மெழுகுச் சொட்டு. பின்னால் தெரு நிறையச் சபை.

"ஈஸ்டர் முடிஞ்சு போற வழியில எட்டிப் பாக்க வந்தீங்களா?"

"ஆராதனை இன்னும் முடியலக்கா," என்றார் மாஸ்டர், அவள் முகத்தைப் பார்க்காமல். "பாட்டு பாக்கி இருக்கு. இங்க வந்து பாடலாம்னு சபை சொல்லிச்சு."

"யாரைக் கேட்டு?"

குழு உள்ளே நுழைந்து கட்டிலைச் சுற்றி நின்றது. அங்கி இல்லாமல் நீலச் சட்டையோடு ஒருவர் மட்டும் ஓரத்தில் நின்றார். பல் டாக்டர்.

மாஸ்டர் கையசைத்தார். முதல் வரி கூரையைத் தொட்டது. மூன்றாவது வரியில் கீழ்க்குரல் இறங்க வேண்டும். டாக்டர் பயந்துபோய் மற்றவர்களோடு மேலே ஏறிவிட்டார். அடுத்த சரணத்திலும் அதே கதை. தையல்காரி பல்லைக் கடித்தாள்.

"இறங்குங்க டாக்டர்!"

பாட்டு நின்றது.

"எல்லாரும் மாடியில போய் உக்காந்துக்கிட்டா அடியில யார் தாங்குறது? இதைக் கூடவா சொல்லிக் குடுக்கல உங்க மாஸ்டர்?"

"அந்த இடத்துல எனக்குப் பிடி கிடைக்கலம்மா," என்றார் டாக்டர்.

"கேளுங்க."

கட்டிலின் தலைமாட்டில் நின்று அவள் பாடினாள். கரகரத்த குரல். கீழ்க்குரல் மட்டும். மாஸ்டரின் கை உயர்ந்தது. மற்ற குரல்கள் அதன்மேல் ஏறி நின்றன, வாசலும் தெருவும் சேர்ந்துகொண்டன. அவள் முகம் மட்டும் யாரோடோ சண்டை போடுவதுபோலவே இருந்தது.

மாஸ்டர் பாட்டுப் புத்தகத்தை விரித்து அவளிடம் நீட்டினார். பாட்டை நிறுத்தாமலே புறங்கையால் தள்ளிவிட்டாள்.

பல் டாக்டர் அவள் வாயையே பார்த்தபடி, ஓரடி நெருங்கி வந்து, கூடவே இறங்கினார்.